திறந்த வயிற்றில் குடல் ஓட்டை: தைத்துப் பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

இரவுப்பணி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பொது அறுவை சிகிச்சையில் இரண்டாம் வருஷ பிஜி நான். வார்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு விழி பிதுங்கி நிற்கிறேன், இந்த மாதிரி கேஸ் பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

முப்பத்துச் சொச்சம் வயது ஆண். பைக் விழுந்து ஹேண்டில்பார் வயிற்றில் குத்தி ஜெஜுனம் (சிறுகுடலின் மேல்பகுதி) கிழிந்து வந்தவர். கிழிந்த பகுதியை வெட்டி இணைத்தோம், ஆறாம் நாள் இணைப்பு கசிந்து வயிறு முழுக்க சீழ். மறுபடி திறந்து கழுவியபோது குடல் வீங்கிக் கிடந்ததால் மூட முடியவில்லை. சலைன் பையை வெட்டி விளிம்பில் தைத்து, நம்ம போகோட்டா பேக்தான், திறந்த வயிறாகவே விட்டோம். பன்னிரண்டாம் நாள் டிரஸ்ஸிங்கைப் பிரித்தால் காயத்தின் நடுவில் மஞ்சளாக பித்தம். இன்று பத்தொன்பதாம் நாள். காயத்துக்குள் இரண்டு வாய்கள் தெரிகின்றன, மேலே ஒன்று கட்டை விரல் அளவு, அதிலிருந்து மட்டும் ஒரு நாளைக்கு 1,800 மில்லி வருகிறது. கீழே உள்ளது சின்னது, சளி மாதிரி கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். சுற்றியுள்ள குடல்கள் எல்லாம் ஒட்டி ஒரே சிவப்புப் பாளமாக இருக்கின்றன, எது எந்த வளையம் என்றே பிரித்துச் சொல்ல முடியாது.

காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. எடை 52 கிலோவுக்கு வந்துவிட்டது. விலாப் பக்கத் தோல் வெந்த மாதிரி உரிந்து, ஒரு நாளைக்கு ஆறு தடவை பஞ்சும் பேடும் மாற்றியும் படுக்கை நனைகிறது. மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். யூனிட்டில் ஒருவர் அந்த வாயில் இரண்டு தையல் போட்டு மூடிப் பார்க்கலாம் என்கிறார், இன்னொருவர் ஃபோலி (நுனியில் பலூன் உள்ள சிறுநீர்க் குழாய்) விட்டு பலூனை ஊதி அடைக்கலாம் என்கிறார். என் கேள்வி இதுதான்: தைக்கலாமா? கூடாது என்றால் இந்த 1,800 மில்லியை நான் என்ன செய்வது?

---

பழைய_கத்தி பதில்:

தம்பி, முதலில் ஊசியைக் கீழே வை.

கிரானுலேஷன் வந்த, அதாவது சிவந்த புதுச் சதை மூடிய, குடலில் தையல் நிற்காது. வெண்ணெயில் தைப்பது போல, நூல் அறுத்துக்கொண்டு வரும், கட்டை விரல் வாய் நாளைக்கு இன்னும் பெரிதாகும். இது நான் செய்து பட்டது, படித்ததில்லை. பலூன் யோசனையும் அப்படியே, வாய்க்குள் ஊதிய பலூன் விளிம்பை அழுத்தி அழுத்தி ஓட்டையைப் பெரிதாக்கும், பக்கவாட்டில் வழிவதும் நிற்காது. சாதாரண தோல் ஃபிஸ்டுலா (குடலிலிருந்து தோலுக்குத் திறக்கும் ஓட்டை) என்றால் மேலே தசை, கொழுப்பு, தோல் என்று ஒரு பாதை இருக்கும், அந்தப் பாதை சுருங்கி தானாக மூட வாய்ப்பு உண்டு. உன் ஆளுக்கு அந்தப் பாதையே கிடையாது, குடலின் உள்தோல் நேராகக் காற்றைப் பார்க்கிறது. தானாக மூடுவது மிக அபூர்வம், அதை எதிர்பார்த்து நாட்களை எண்ணாதே.

மறுபடி வயிற்றைத் திறந்து சரிசெய்யும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அதையும் தடுத்து நிறுத்து. முதல் பத்து நாள் தாண்டியபின் சில மாதங்களுக்கு உள்ளே எல்லாம் சிமெண்ட் போட்ட மாதிரி ஒட்டியிருக்கும், ஒரு ஓட்டையை மூடப் போய் மூன்று ஓட்டையோடு வெளியே வருவாய். குறைந்தது ஆறு மாதம், பலருக்கு அதற்கும் மேல். ஒரே விதிவிலக்கு, வடிக்க முடியாத சீழோ ரத்தப்போக்கோ.

அப்படியானால் இப்போது என்ன வேலை? காய்ச்சல் வருகிறது என்றாயே, அதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அப்புறம். சிடி எடு, எங்கே சீழ் தங்கியிருக்கிறது பார், ரேடியாலஜி ஆளைக் கெஞ்சியாவது ஊசி வழியே வடித்துவிடு. சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போட்ட குழாய்) எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பதையும் பார், பாதி நேரம் காய்ச்சல் அங்கிருந்துதான் வரும். சீழ் உள்ளே இருக்கும்வரை நீ எத்தனை கலோரி கொடுத்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

1960-இல் பாஸ்டன் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியிலிருந்து எட்மண்ட்ஸ் குழு எழுதிய கட்டுரையில் குடல் ஃபிஸ்டுலா நோயாளிகளில் 43 சதவீதம் பேர் இறந்ததாக இருக்கும். கொன்றவை மூன்று: சீழ்த்தொற்று, சத்துக் குறைவு, உப்பு நீர் இழப்பு. இன்றைக்கும் பட்டியல் மாறவில்லை. ஓட்டையே யாரையும் கொல்வதில்லை தம்பி, அதிலிருந்து வருகிற நீரும் அது போய்ச் சேரும் இடமும்தான் கொல்கின்றன. ஆகவே இந்தக் காயத்தை ஒரு ஸ்டோமாவாக, அதாவது பை ஒட்டக்கூடிய குடல் வாயாக, மாற்றுவது உன் இலக்கு, மூடுவது அடுத்த வருஷத்துப் பேச்சு. நீர் ஒரு பைக்குள் போக வேண்டும், மீதிக் காயம் உலர்ந்து சிவக்க வேண்டும், அதன்மேல் தோல் ஒட்டு வைக்க வேண்டும், வைத்தபின் அவர் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்து போக வேண்டும்.

பையை ஒட்டுவது எப்படி என்று என்னைக் கேட்காதே, அதில் சிஸ்டர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

---

ஸ்டோமா_சிஸ்டர் பதில்:

சார் சொன்னதற்கு மேல் மருத்துவம் பேச வரவில்லை, கை வேலையை மட்டும் சொல்கிறேன் டாக்டர்.

ஒரு நாளைக்கு ஆறு தடவை பேட் மாற்றுகிறீர்கள் என்றால் அந்தத் தோல் இருபத்து நான்கு மணி நேரமும் பித்தத்திலும் கணைய நீரிலும் ஊறுகிறது என்று அர்த்தம். அவர் தோல் அங்கே செரித்துக்கொண்டிருக்கிறது. பஞ்சு வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

தேவையானவை: நெகட்டிவ் பிரஷர் மெஷினும் அதன் ஃபோமும் (காயத்தை உறிஞ்ச வைக்கிற ஸ்பாஞ்ச்), ஒட்டும் டிரான்ஸ்பரன்ட் ஷீட், பாரஃபின் காஸ், ஸ்டோமா பேஸ்ட், பெரிய ஸ்டோமா பை, சக்‌ஷன். இரண்டு பேர் வேண்டும். மூன்றாவது ஆள் நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ள இருந்தால் நல்லது, தொடங்குவதற்கு அரை மணி முன்னால் வலி மருந்து கொடுத்துவிடுங்கள். நேரம் முக்கியம், காலை சாப்பாட்டுக்கு முன்னால் செய்யுங்கள், வயிறு காலியாக இருந்தால் அந்த இருபது நிமிஷம் அவுட்புட் குறைவாக வரும், சாப்பிட்ட பிறகு தொட்டால் நீங்கள் ஒட்டுவதும் அது பிய்த்துக்கொண்டு வருவதுமாக மதியம் ஆகிவிடும்.

ஃபோமிலிருந்து இரண்டு விரல் அகல துண்டு ஒன்றை வெட்டி, அதை ஷீட்டால் முழுக்கச் சுற்றி, முனைகளைச் சேர்த்து வளையமாக்குங்கள். சும்மாடு மாதிரி இருக்கும். அந்தச் சும்மாடு அந்த மேல் வாயைச் சுற்றி உட்கார வேண்டும், வாயின் விளிம்பை அழுத்தக் கூடாது. அடியில் ஸ்டோமா பேஸ்ட் தாராளமாக வைத்து இடைவெளியை அடையுங்கள். ஒருவர் மெல்லிய சக்‌ஷன் குழாயை வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், உள்ளே விடக்கூடாது. வெளியில் உள்ள மீதிக் குடல்மேல் பாரஃபின் காஸ் இரண்டு அடுக்கு, அதற்கு மேல்தான் ஃபோம். வெறும் குடல்மேல் ஃபோம் பட்டால் அடுத்த டிரஸ்ஸிங்கில் புது ஓட்டை ஒன்றை நீங்களே உண்டாக்குவீர்கள், நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஷீட், சக்‌ஷனை 75 மி.மீ. பாதரச அழுத்தத்தில் தொடங்குங்கள், ஒத்துக்கொண்டால் 125 வரை போகலாம். ஃபோம் சுருங்கி இறுகியதும் சும்மாட்டுக்கு நடுவில் உள்ள ஷீட்டை மட்டும் வட்டமாக வெட்டி அதன்மேல் பையை ஒட்டுங்கள். இப்போது மெஷின் காயத்தை உறிஞ்சும், குடல் நீர் தன்பாட்டுக்குப் பையில் விழும். அந்தக் கீழ் வாய் சளிதான் விடுகிறது என்பதால் இப்போதைக்கு அதைக் காஸுக்கு அடியில் விடலாம், அளவு கூடினால் அதற்கும் தனி சும்மாடு.

மெஷின் இல்லாத இடத்தில் சுவர் சக்‌ஷனில் கேஜ் வைத்துச் செய்திருக்கிறோம். அழுத்தம் ஏறாமல் யாராவது கண் வைத்திருக்க வேண்டும், ரத்தம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நிப்பிளின் நுனியை வெட்டி அடிப்பக்கத்தை வாயைச் சுற்றி வைக்கிற முறையும் இருக்கிறது, குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிற அதே நிப்பிள்தான், சின்ன வாய்க்கு அது நன்றாக நிற்கும்.

முதல் தடவை மூன்று மணி நேரத்தில் கசியும். மனம் தளர வேண்டாம், எந்தப் பக்கம் கசிந்தது என்று மட்டும் குறித்து வையுங்கள், அநேகமாக அவர் ஒருக்களித்துப் படுக்கிற பக்கமாக இருக்கும், அடுத்த முறை அங்கே பேஸ்ட் கூடுதலாக வையுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் வடித்துவிடுங்கள், கனம் ஏறினால் இழுத்துக்கொண்டு வரும். ராத்திரியில் பையின் அடிக்குழாயை யூரோபேக்கில் (சிறுநீர் சேர்க்கிற பை) மாட்டிவிட்டால் அவரும் தூங்குவார், நைட் சிஸ்டரும் உங்களைத் திட்ட மாட்டார்.

தோலுக்கு: நம் வார்டுகளில் சிங்க் ஆக்ஸைடு, அலுமினியம் பெயின்ட் பூசுவது பழக்கம். பஞ்சு காலத்துக்கு அது சரி. பை ஒட்டப் போகிற இடத்தில் பூசினீர்களானால் பிசுக்கில் எந்தப் பையும் நிற்காது. உரிந்த இடத்தில் ஸ்டோமா பவுடர் தூவி, தட்டிவிட்டு, மேலே பேரியர் ஃபிலிம் ஸ்ப்ரே, காய்ந்ததும் மறுபடி பவுடர், மறுபடி ஸ்ப்ரே. இரண்டு மூன்று அடுக்கு போட்டால் மெல்லிய பொருக்கு மாதிரி வரும், அதன்மேல் ஒட்டலாம்.

---

வெளியூர்_சர்ஜன் பதில்:

ஆக்ட்ரியோடைடு (குடல் நீர்ச் சுரப்பைக் குறைக்கிற ஊசி) யாரும் சொல்லவில்லையே. 100 மைக்ரோகிராம் மூன்று வேளை கொடுத்து எனக்கு அவுட்புட் பாதியாகக் குறைந்திருக்கிறது.

---

பழைய_கத்தி பதில்:

குறையும், மறுக்கவில்லை. ஆனால் குறைவதும் மூடுவதும் ஒன்றில்லை. விலையையும் பார்க்க வேண்டும், அந்தப் பணத்துக்கு ஒரு வாரத்துக்கு ஸ்டோமா பை வாங்கலாம். மூன்று நாள் கொடுத்துப் பார், அளவில் வித்தியாசம் இல்லை என்றால் நிறுத்திவிடு, பழக்க தோஷத்தில் மாதக்கணக்கில் ஓட விடாதே. அதற்கு முன்னால் அமிலத்தைக் குறைக்க பேன்டோபிரசோல் இரண்டு வேளை, குடல் ஓட்டத்தை மெதுவாக்க லோபெரமைடு 4 மில்லிகிராம் நான்கு வேளை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். கீழே அடைப்பு இல்லை, உள்ளே சீழ் இல்லை என்று தெரிந்த பிறகுதான் லோபெரமைடு. டோஸை ஏற்றுவதானால் ஈசிஜி எடுத்துக்கொள். மாத்திரை முழுசாகப் பையில் விழுகிறதா என்று பார்க்கச் சொல், விழுந்தால் பொடித்துக் கொடு.

---

சோறும்_சத்தும் பதில்:

டயட்டீஷியன் பேசுகிறேன். உங்கள் பதிவில் அவர் என்ன குடிக்கிறார் என்று இல்லை. வாய் வறண்டு போகிறது என்று தண்ணீர் கேட்டிருப்பார், பாவம் என்று நீங்களும் கொடுத்திருப்பீர்கள், வீட்டுக்காரர்கள் இளநீர் வாங்கி வந்திருப்பார்கள். சரியா?

மேல் குடலில் வாய் இருப்பவர் வெறும் தண்ணீர் குடிக்கக் குடிக்க, குடல் உடம்பிலிருந்து உப்பை இழுத்து அந்தத் தண்ணீரில் கலந்து வெளியே தள்ளும். குடித்ததைவிட அதிகம் போகும், தாகம் இன்னும் கூடும். வெளியே போகிற நீரில் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் சோடியம் இருக்கும், அவருக்கு 1,800 என்றால் ஒரு நாளைக்கு 180 மில்லிமோல், ஒரு லிட்டர் நார்மல் சலைனில் இருப்பதே 154-தான். கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், டீ, இளநீர், ஜூஸ் எல்லாம் சேர்த்து நாளைக்கு அரை லிட்டர், தாண்டக்கூடாது. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, இவருக்கு அது உதவாது. மீதித் தாகத்துக்கு உப்புக் கரைசல். சாதாரண ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் 75, அதையே 800 மில்லியில் கரைத்தால் 94 வரும், இவர்களுக்கு அந்த அளவுதான் வேண்டும். குடிக்க நன்றாக இருக்காது, குளிர வைத்து மடக்கு மடக்காகக் கொடுங்கள். மீதி இழப்பு நரம்பு வழியே. சிறுநீர் நாளைக்கு ஒரு லிட்டராவது வருகிறதா, சிறுநீரில் சோடியம் 20-க்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். மெக்னீசியம் பார்க்க மறந்துவிடுவார்கள், அது குறைந்திருந்தால் பொட்டாசியத்தை எவ்வளவு ஏற்றினாலும் ஏறாது.

52 கிலோவுக்கு 1,500 கலோரிக்குக் கொஞ்சம் மேல், புரோட்டீன் 80 முதல் 100 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் என்பதை நினைவில் வைத்தால் இது எவ்வளவு பெரிய மலை என்று புரியும். இப்போதைக்கு டிபிஎன் (ரத்தக்குழாய் வழியே முழு உணவு) இல்லாமல் முடியாது. இத்தனை நாள் சரியாகச் சாப்பிடாதவர் என்பதால் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துவிட்டு பாதி அளவில் தொடங்குங்கள், முதல் வாரம் பாஸ்பேட் தினம் பாருங்கள், ஒரேயடியாக முழு அளவு ஏற்றி இதயம் தடுமாறினால் அப்புறம் நாம் அழுவதில் பயனில்லை.

டிபிஎன் மாதக்கணக்கில் ஓட்டினால் லைன் தொற்றும், ஈரலும் கெடும், காசும் கரையும். அதனால் இப்போதே சார்களைக் கேளுங்கள், அந்தக் கீழ் வாய் எங்கே போகிறது? அதற்குக் கீழே முக்கால் மீட்டராவது நல்ல குடல் இருந்தால் அதன் வழியாகவே உணவு செலுத்தலாம். இங்கிலாந்தில் சால்ஃபோர்டில் 12 பேருக்கு இப்படிச் செய்து 11 பேருக்கு டிபிஎன்னை நிறுத்தியதாக 2004-இல் எழுதியிருக்கிறார்கள்.

---

மேலூர்க்காரி பதில்:

நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. என் அப்பா இதே மாதிரி ஒன்பது மாதம் இருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, அங்கே முதல் ஒரு மாதம் எங்களிடம் யாரும் எதையும் விளக்கவில்லை, "புண் ஆறட்டும்" என்பதோடு சரி. குடலுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது என்பதே பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லித்தான் தெரியும். அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அந்த அண்ணனிடமும் அவர் வீட்டம்மாவிடமும் இது மாதக்கணக்கு என்று இப்போதே சொல்லிவிடுங்கள். நாளைக்கு, அடுத்த வாரம் என்று இழுத்தால் ஒவ்வொரு வாரமும் ஒருமுறை செத்துப் பிழைக்கிற மாதிரி இருக்கும்.

சாப்பிட்டது சீக்கிரமே பையில் வந்து விழும். அப்பா முதல் தடவை தக்காளித் தோலைப் பையில் பார்த்துவிட்டு இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டால்தானே வருகிறது என்று எங்களுக்குத் தெரியாமல் பட்டினி கிடந்தார், அப்புறம் தாகம் தாங்காமல் ராத்திரியில் வாஷ்பேசினில் வாயைக் கொப்பளிக்கிற சாக்கில் தண்ணீர் குடித்தார். பையில் அளவு ஏறியதை வைத்துத்தான் பிடித்தோம். திட்டாதீர்கள், நாக்கில் ஐஸ் துண்டு வைக்கச் சொல்லுங்கள். வாடையும் பெரிய கொடுமை, சொந்தக்காரர்கள் மூக்கைச் சுளிப்பது அவருக்குத் தெரியும். பை நின்று, லுங்கிக்கு மேலே சட்டை போட்டு, வராந்தாவில் நடந்து போய் டீக்கடையைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் அவர் மறுபடி என்னிடம் பேசினார். பையில் எவ்வளவு என்று அளக்கிற வேலையை எங்களுக்கே கொடுத்துவிட்டார்கள், நோட்டுப் போட்டு எழுதினோம், சும்மா உட்கார்ந்து அழுவதற்கு அது மேல்.

---

இரவுப்பணி பதில்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

தைக்கவில்லை. சிடியில் இடது பக்கம் உதரவிதானத்துக்கு அடியில் சீழ் இருந்தது, குழாய் வைத்து வடித்தோம், நான்காம் நாள் காய்ச்சல் நின்றது. சிஸ்டர், உங்கள் சும்மாடு முதல் நாள் இரண்டரை மணி நேரம், மூன்றாம் தடவை பதினொரு மணி நேரம், நேற்றுக்கு முந்தினம் ஒட்டியது 31 மணி நேரம் நின்றது. வார்டே வந்து பார்த்துவிட்டுப் போனது. தோல் காய்ந்து புது ரோஸ் நிறம் வந்துவிட்டது. மேடம், நீங்கள் யூகித்தது சரி, ஒரு நாளைக்கு மூன்று இளநீர் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தி உப்புக் கரைசலுக்கு மாற்றி, லோபெரமைடும் சேர்த்ததில் 1,800 இப்போது 1,100. அவர் மனைவி நோட்டுப் போட்டு எழுதுகிறார், எங்கள் சார்ட்டைவிட அது ஒழுங்காக இருக்கிறது.

கீழ் வாயில் கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்து) விட்டு எக்ஸ்ரே எடுத்தோம். மீதி ஜெஜுனம், இலியம் (சிறுகுடலின் கடைசிப் பகுதி) எல்லாம் தெரிந்து பெருங்குடல் வரை தடையில்லாமல் போனது. பழைய_கத்தி சார், ஃபோலி வேண்டாம் என்றீர்கள், இப்போது கீழ் வாயில் உணவு செலுத்த ஃபோலிதான் வைக்கச் சொல்கிறார்கள், முரண்பாடாக இருக்கிறதே? அப்புறம் மேல் பையில் சேருகிற நீரையே வடிகட்டிக் கீழே ஏற்றலாம் என்றும் படித்தேன். எதில் வடிகட்டுவது?

---

பழைய_கத்தி பதில்:

முரண்பாடு இல்லை. அடைப்பதற்கு பலூனை ஊதாதே என்றேன். உணவு செலுத்த மெல்லிய குழாயைக் கீழ்நோக்கி நன்றாக உள்ளே விட்டு, பலூனில் மூன்று மில்லி, குழாய் நழுவாமல் இருக்க மட்டும். வாயின் விளிம்பில் பலூன் உட்காரக் கூடாது. வயிறு உப்பினாலோ வலித்தாலோ உடனே நிறுத்து. மணிக்கு 20 மில்லியில் தொடங்கி நாளுக்கு நாள் ஏற்று, முழு அளவு ஏறி எடை நிற்கிறவரை டிபிஎன் லைனைப் பிடுங்காதே.

தோல் ஒட்டுக்குத் தேதி வாங்கிவிடு. ஆறு மாதம் கழித்து அந்த ஒட்டுத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார், அடிக்குடலை விட்டுத் தனியாக எழும்பி வந்தால் உள்ளே இளகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு எழுது, பெரிய ஆபரேஷனைப் பற்றிப் பேசுவோம்.

---

ஸ்டோமா_சிஸ்டர் பதில்:

31 மணி நேரமா! எங்கள் வார்டிலும் சொல்லிவிட்டேன்.

வடிகட்ட டீ வடிகட்டி வேண்டாம் டாக்டர், கண் பெரிசு, துகள் போய் குழாயை அடைக்கும். சுத்தமான காஸை இரண்டு மடிப்பாகப் போட்டு வடித்தால் போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சேர்வதை அப்போதே சூட்டோடு ஏற்றிவிடுங்கள், பகல் முழுக்க ஜாடியில் சேர்த்துவைத்து ராத்திரி ஏற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு அது கெட்டுவிடும். நோயாளியின் கண்ணில் படாமல் திரைக்குப் பின்னால் வடியுங்கள், ஆனால் என்ன செய்கிறோம் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ மறக்காதீர்கள்.